கறுப்புச் சூரியனுக்கு மூன்று கார்

"இன்னும் ஒரு பத்து நிமிசம்," என்று பீற்றர் சொன்னபோது, பவளராணி காரின் முன் இருக்கையில் பெல்ட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருந்தது. பீற்றரின் பத்து நிமிடம் எவ்வளவு நீளும் என்பது டென்மார்க்கின் இக்காஸ்டில் இருக்கிற தமிழ்ச் சனம் முழுக்கத் தெரிந்த விசயம்.

"என்னத்துக்கு இன்னும் பத்து நிமிசம்?"

"பாலேந்திரா அண்ணை இப்பதான் எழும்பினவராம். நாங்கள் இப்ப வெளிக்கிட்டாலும் கிரின்ஸ்டெட்டில அவரின்ர வாசலில போய்க் காவல் நிக்கவேணும். அதை இஞ்ச நிண்டால் என்ன?"

வாயைத் திறந்தால் என்னென்ன வரும் என்று அவளுக்கே தெரியாமல் இருந்தது.

அவள் கேட்டது ஒரேயொரு சனிக்கிழமை. இலையுதிர்கால விடுமுறை வாரத்தில் ஒரு நாள். தெற்கே, ஜெர்மன் எல்லையோரம், டொண்டர் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் சூரியன் விழுகிற நேரம் ஆயிரமாயிரம் குருவிகள் நாணலுக்குள் அடைய வரும். மைனாவுக்குச் சொந்தக்காரக் குருவிகள். அடைவதற்கு முன் வானத்தில் கூட்டமாய்ச் சுழன்று சூரியனையே மறைத்துவிடுமாம். டெனிஷ்காரர் அதற்குக் கறுப்புச் சூரியன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பவளராணி வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு ஒக்டோபரும் யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்து, கோப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பற்றியே கதைப்பார்கள். இவள் இருபத்தாறு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறாள். கலியாண வீட்டுக்குப் போயிருக்கிறாள், சாமத்திய வீட்டுக்குப் போயிருக்கிறாள், செத்த வீட்டுக்குப் போயிருக்கிறாள், மாதா திருநாளுக்குப் போயிருக்கிறாள். மண்டபங்களையும் கார் விடுகிற இடங்களையும் தவிர டென்மார்க்கில் அவள் கண்டது குறைவு.

குருவிகூட இரண்டாவதுதான். ஆவணியில் மகன் றொஜிதனும் மகள் கிளோறியாவும் படிக்கப் போய்விட்டார்கள், ஒருவர் ஓகூஸுக்கு, மற்றவர் ஓடென்சவுக்கு. அதற்குப் பிறகு பீற்றர் தண்ணீர்ப் போத்தலில் ஃபோனைச் சாய்த்து வைத்து, அதற்குள் யாரோ அரசியல் கதைப்பதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார். இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறாள். இப்படியே மிச்சக் காலமும் போய்விடுமோ என்று அவளுக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. அதனால்தான் வேலையிடத்தில் தலைகீழாய் நின்று சனிக்கிழமையை மாற்றி வாங்கிக்கொண்டு வந்து, "நீங்களும் நானும் மட்டும்" என்று ஒரு தரத்துக்கு இரண்டு தரம் அழுத்திச் சொன்னாள். பீற்றரும் ஓமென்று தலையாட்டினார்.

தலையாட்டின மனுசன் அடுத்த நாளே பாலேந்திராவுக்கு ஃபோன் எடுத்து, "அண்ணை, டொண்டருக்கு எந்த றோட்டால போறது சுகம்?" என்று கேட்டிருக்கிறார். காரில் வழி காட்டுகிற திரை இருக்கிறது. கையில் ஃபோன் இருக்கிறது. போகிற வழியெல்லாம் பெயர்ப்பலகை இருக்கிறது. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடிக்குள் விட்டுக்கொள்வது என்பது இதைத்தான்.

எங்கள் சனத்திடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஓரிடத்துக்குப் போவதைச் சொன்னால் அது அழைப்பு, சொல்லாமல் போனால் அது குற்றம். முன்பொரு தரம் பிள்ளைகளை மிருகக்காட்சிச்சாலைக்குச் சொல்லாமல் கூட்டிப்போன குற்றத்துக்காக, பாலேந்திராவின் மனைவி மேரிகிறேஸ் கிளோறியா கோயிலில் முதல்நன்மை வாங்கின நாள் வரைக்கும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆகவே பாலேந்திரா வீட்டார் வருவதென்று ஆயிற்று. அவர்கள் கோல்டிங்கில் இருக்கிற இன்பநாதனுக்குச் சொல்லாமல் வந்தால் அது இன்னொரு குற்றம், ஆகவே இன்பநாதன் வீட்டாரும் வருவதென்று ஆயிற்று. மூன்று கார், பன்னிரண்டு பேர், இரண்டு பெரிய சட்டி, ஒரு காஸ் அடுப்பு, ஒரு கிரிக்கெட் மட்டை.

கிரின்ஸ்டெட்டில் போய் இறங்கினபோது மேரிகிறேஸ் றோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்றாள். "வாங்கோ, வாங்கோ, சூட்டோட ரெண்டு சாப்பிடுங்கோ," என்றாள். "நேரம் போகுதக்கா," என்றாள் பவளராணி. "குருவி பின்னேரம்தானே வரும் பிள்ளை. இப்ப போய் ஆரைப் பார்க்கப்போறீர்?" அந்தக் கேள்வி நியாயமாக இருந்ததுதான் பவளராணிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒருபடியாக வெளிக்கிட்டு ஓடினால், வழியில் ஒரு பண்ணை வாசலில் பூசணிக்காய் குவித்து வைத்திருந்தது. முன்னால் போன பாலேந்திராவின் கார் நின்றது. டெனிஷ் குடும்பங்கள் பிள்ளைகளோடு குந்தியிருந்து பூசணியில் கண்ணும் பல்லும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேரிகிறேஸ் ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்து, இது தண்ணி, இது சப்பை, இது முகம் வெட்டத்தான் சரி, கறிக்கு உதவாது என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டு போனாள். உதவாத பூசணியில் நாலைத் தூக்கவும் செய்தாள். அவர்களுடைய காரில் சட்டிகள் இருந்தபடியால் நாலும் பீற்றரின் காருக்கு வந்தன. வளைவுக்கு வளைவு அவை பின்னுக்கு உருண்டு இடித்தன. ஒவ்வொரு இடிக்கும் பவளராணி கண்ணை மூடித் திறந்தாள்.

கோல்டிங் தாண்டியதும் நெடுஞ்சாலை ஓய்விடமொன்றில் சாப்பாடு. அதற்கே வெயில் மேற்குப் பக்கம் வந்துவிட்டது. இன்பநாதன் பெந்தெகொஸ்தே சபைக்காரர். சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கத் தொடங்கினால், பிரயாணத்தில் தொடங்கி, வாகனங்களைத் தொட்டு, ஊரில் இருக்கிற உறவெல்லாம் போய், டென்மார்க் அரசாங்கத்தையும் ஆசீர்வதித்துவிட்டுத்தான் ஆமென் சொல்லுவார். அவர் முடித்ததும், கத்தோலிக்கர் குறைந்துபோகக்கூடாதென்று பாலேந்திரா அருள்நிறைந்த மரியே தொடங்கினார். சோறு ஆறிப்போயிற்று. ஆறின சோற்றைச் சூடாக்க அடுப்பு மூட்டினார்கள். அடுப்பு மூட்டினதுதான் மூட்டினது, தேத்தண்ணியும் வைப்போம் என்றார்கள். அதற்கிடையில் ஆம்பிளைகள் குப்பைத்தொட்டியை விக்கெட்டாக்கி மட்டை பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"இஞ்சேருங்கோ, வெயில் சரிஞ்சிட்டுது," என்றாள் பவளராணி.

பீற்றர் மர வாங்கில் சோற்றுக் கோப்பையோடு இருந்தார். "இந்தா, தேத்தண்ணி குடிச்ச உடனே வெளிக்கிடுறம். நீர் ஏன் பதறுறீர்?"

"குருவியள் எங்க ஓடப்போகுது பிள்ளை," என்றார் பாலேந்திரா, வாய் நிறைய றோல்ஸோடு. "இண்டைக்கு இல்லாட்டி அடுத்த வரியமும் வரும்."

அடுத்த வருடம். அந்தச் சொல்லில்தான் அவளுக்கு எல்லாம் அறுந்தது. வாங்கில் கிடந்த பீற்றரின் ஜக்கெட்டை எடுத்தாள், பைக்குள் கைவிட்டுக் கார்த் திறப்பை எடுத்தாள், ஜக்கெட்டைத் திரும்ப மடித்து வைத்தாள். நடந்து போய்க் காரில் ஏறி இயக்கினாள். வேலைக்குப் போகிற வழியைத் தவிர வேறெங்கும் அவள் ஓட்டுவதில்லை, நெடுஞ்சாலை என்றால் அவளுக்குப் பயம். பயம் இருந்தால் இருக்கட்டும் என்று பின்னுக்கு எடுத்தாள். அப்போதுதான் மற்றப் பக்கக் கதவு திறந்து, பீற்றர் சோற்றுக் கோப்பையோடு உள்ளே விழுந்தார்.

"உமக்கு என்ன விசரே," என்றார்.

"ஓம்," என்றாள் பவளராணி. கார் நெடுஞ்சாலையில் ஏறியது.

ஏறின கையோடு ஃபோன் அடித்தது. எங்கே போறியள் என்று பாலேந்திரா. சீனி உங்கடை காருக்குள்ள போயிட்டுது, தேத்தண்ணிக்குச் சீனி இல்லை என்று மேரிகிறேஸ். எந்த வெளிவழியால் இறங்கவேணும், நாங்கள் பின்னால வாறம் என்று இன்பநாதன். ஒவ்வொருவருக்கும் பீற்றர் ஆறுதலாக மறுமொழி சொன்னார். கடைசியில் ஃபோன் ஓய்ந்தது. அது ஓய்ந்ததும் அவர் பெயர்ப்பலகைகளை வாசிக்கத் தொடங்கினார். "ஹாடர்ஸ்லெவ்," என்றார். சற்றுப் போனபின், "ரொஃப்ட்லுண்ட்," என்றார். பவளராணி றோட்டைப் பார்த்து ஓட்டினாள். வயலெல்லாம் அறுத்து முடிந்து மண் கறுப்பாய்க் கிடந்தது. அவளுக்கும் சொல்ல ஒன்றும் வரவில்லை. கோபத்தில் வரவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சூரியன் இன்னும் இருந்தது. புல்மூடின அணைக்கட்டில் சனம் வரிசையாய் நின்றது. பிள்ளைகளைத் தோளில் ஏற்றின குடும்பங்கள், ஒரே கம்பளிக்குள் போர்த்திக்கொண்டு நின்ற சோடிகள், மடக்குக் கதிரையில் தனியே இருந்து சூப் குடித்த ஒரு பெண். யாருக்கும் அவசரமில்லை. பவளராணியும் பீற்றரும் போய் ஓரமாக நின்றார்கள். நேரத்துக்கு வந்துவிட்டாள். அவள் கேட்ட இடம், அவள் கேட்ட நேரம், பக்கத்தில் அவள் கேட்ட ஆள். இனிக் குருவிதான் வரவேண்டும்.

சூரியன் சிவந்து இறங்கியது. கொஞ்சக் குருவிகள், ஒரு கைப்பிடி எள்ளளவு, நாணலுக்கு மேலால் போய் மறைந்தன. பிறகு ஒன்றுமில்லை. நேற்று இங்கேதான் வந்தன என்று பக்கத்தில் நின்றவர் டெனிஷில் சொன்னார். ஒவ்வொரு நாளும் அவை இடம் மாறுமாம், எங்கே இறங்குமென்று ஒருவராலும் சொல்ல ஏலாதாம். வானம் சாம்பலாகிக் கறுத்தது. சனம் கதிரைகளை மடக்கியது. நல்ல காற்று, நல்ல நடை என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒரு மனிதருக்காவது கோபம் வந்ததாகத் தெரியவில்லை. அதைப் பார்க்கப் பார்க்கப் பவளராணிக்குத்தான் கோபம் ஏறியது.

அப்போது பீற்றரின் ஃபோனில் வீடியோ ஒன்று வந்து விழுந்தது. பின்னால் வந்தவர்கள் வழி தவறி, மேரிகிறேஸுக்குத் தலை சுற்ற, ஏதோ வாய்க்கால் கரையில் காரை நிறுத்தியிருக்கிறார்கள். வானம் முழுக்கக் குருவி. விரிந்து, சுருங்கி, திரும்பி, அவர்களுடைய தலைக்கு நேர் மேலே. "இஞ்ச பார், இஞ்ச பார், அங்கால பார்," என்று பாலேந்திராவின் குரல். "சீனியில்லாத் தேத்தண்ணியோட பார்க்கிறம்," என்று மேரிகிறேஸின் சிரிப்பு.

பவளராணி அணைக்கட்டில் அப்படியே இருந்துவிட்டாள். ஈரப் புல் உடுப்பில் ஊறியது. அவளுக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் அவள் மினக்கெடவில்லை.

"ஏனப்பா," என்றாள். "நீங்களும் நானும் மட்டும் எண்டு சொன்னனான். உங்களுக்கு விளங்கேல்லையோ, விளங்கியும் செய்தனீங்களோ?"

பீற்றர் பக்கத்தில் வந்து இருந்தார். "விளங்கினது," என்றார். "விளங்கினபடியாத்தான் அண்ணைக்கு எடுத்தனான். காலமை தொடக்கம் பொழுதுபடும் வரைக்கும் ஒரு காருக்குள்ள நீரும் நானும். பிள்ளையளும் இல்லை. எனக்குப் பயம் வந்திட்டுது. நான் உம்மோட என்னத்தைக் கதைக்கிறது?"

அவளுக்குச் சுருக்கென்றது. இந்த மனுசனுக்காகவா நான் இவ்வளவு பாடுபட்டேன் என்று முதலில் நினைத்தாள். பிறகு, நெடுஞ்சாலையில் வாய் திறக்காமல் ஓட்டிக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது. அது கோபத்தால் மட்டும் அல்ல என்று அவளுக்கு அங்கேயே தெரிந்திருந்தது. தனக்கும் ஒன்றும் வரவில்லை என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஃபோன் அடித்தது.

பாலேந்திரா. குரல் அவளுக்கும் கேட்டது. இன்னும் கொஞ்சம் குருவி சுத்துது, கெதியா வாங்கோ, அடுப்பும் மூட்டியாச்சு, சீனியைக் கொண்டுவாங்கோ.

பீற்றர் இருட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாங்கள் வரேல்லை அண்ணை."

"ஏன்ராப்பா, என்ன பிரச்சினை?"

"பிரச்சினை ஒண்டுமில்லை. நானும் ராணியும் கதைச்சுக்கொண்டிருக்கிறம்."

ஃபோனை நிறுத்திப் பைக்குள் வைத்தார். அணைக்கட்டில் இப்போது அவர்கள் இரண்டு பேரையும் தவிர ஒருவருமில்லை. காற்று அடித்தது. தூரத்தில் கடைசிக் காரின் வெளிச்சமும் திரும்பிப் போனது. பவளராணி காத்திருந்தாள். பீற்றர் முழங்காலைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருந்தார். ஒரு நிமிடம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று.

"ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு," என்றாள் பவளராணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இனிக் கதையுங்கோ."