மச்சான் கொடுத்த நாலு சில்லு

பலீலின் ஹில்மன் காருக்கு அவருடைய கல்யாணத்தை விட மூன்று வயது கூட. மாத்தளை டவுனில் வாடகைக்கு ஹயர் ஓடும் கார்களில் அதுதான் கிழம் என்று எல்லோரும் கேலி பண்ணுவார்கள். ஆனால் ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஏற வேண்டும் என்றால் அதைத்தான் தேடி வருவார்கள். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, சக்கரச் சில்லுகள்தான் காலை வாரின. எழுபத்துமூன்றாம் வருஷம், பாண் ரொட்டிக்கே கியூவில் நின்ற காலம். வெளிநாட்டு டயரைக் கனவில் பார்த்தால்தான் உண்டு. அதிலும் அந்தக் காரின் பெரிய ரிம்முக்கு ஏற்ற டயர் கடைகளுக்கு வருவதே நின்றுபோயிருந்தது. இருந்த நாலும் தேய்ந்து மொட்டையாகி, மழை நாளில் ரோட்டைப் பிடிக்காமல் வழுக்கின.

ரிவர்ஸ்டன் ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஒன்றும் இல்லை. பனி இறங்கினால் அந்த ஒன்றும் இல்லாததும் கண்ணுக்குத் தெரியாது. இறக்கத்தில் முன் சில்லு வெடித்தால் அதற்குப் பிறகு டிரைவருக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே பலீலுக்கு வேண்டியிருந்தது அழகான சில்லு அல்ல, உயிரை நம்பி ஒப்படைக்கக்கூடிய சில்லு. அது தன் கைக்கு எட்டுகிற விலையில் கிடைக்க வேண்டும், அதுதான் சங்கடம்.

அவரும் யோசிக்காத வழி இல்லை. வெளிநாட்டு டயர் வாங்க அரசாங்கப் பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்கலாம், அதற்குள் கார் துருப்பிடித்துக் கொட்டிவிடும். கண்டியில் ஒருவன் வெளிநாட்டு டயர் ஒளித்து விற்றான். அவன் சொன்ன விலையைக் கேட்டு, ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். மூன்றாவது வழி ரிம்மையே மாற்றுவது. உடைந்த கார் ஒன்றிலிருந்து நட்டுத் துளை பொருந்துகிற சின்ன ரிம் நாலு எடுத்தால், நாட்டில் கிடைக்கிற அளவில் ரீபில்ட் டயர் போடலாம். ரீபில்ட் என்றால், உடம்பு கெடாத பழைய டயரின் மேல் புது ரப்பர் வைத்து அவித்து எடுப்பது. ஒழுங்காகச் செய்தால் எந்த மலையும் ஏறும். கார் கொஞ்சம் குள்ளமாகும், வேகம் காட்டுகிற முள் பொய் சொல்லும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்.

உடைந்த காருக்கு ஊரெல்லாம் அலைய வேண்டியிருக்கவில்லை. யட்டவத்தையில் பழைய கார்களை வாங்கிப் பிரித்து விற்கிற பதுர்தீன், பலீலின் மனைவி கைறுன்னிஸாவின் கூடப் பிறந்த நானா, அதாவது அண்ணன். பலீல் நேரில் போய்ச் சொன்னார்.

"மலைக்கு ஓடுற காரு மச்சான். ரிம்மு எப்படி இருந்தாலும் பரவாயில்ல, டயரு நல்ல ரீபில்ட்டா இருக்கணும்."

பதுர்தீன் நெஞ்சில் கை வைத்து, அது தன் பொறுப்பு என்றார். ரெண்டு வாரத்தில் நாலு சில்லும் லொறியில் வந்து இறங்கின. ரிம்முக்கு வெள்ளிப் பூச்சு, டயருக்குப் பளபளவென்று கறுப்பு, காற்றும் அடித்துத் தயாராக இருந்தன. மாப்பிள்ளைக் கோலம்தான், பூ மட்டும் வைக்கவில்லை.

வேறு யார் கொடுத்திருந்தாலும் பலீல் விட்டிருக்க மாட்டார். காற்றை இறக்கி, ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி, உள்ளே கையை விட்டு ஒட்டு இருக்கிறதா என்று சுற்றிலும் தடவிப் பார்ப்பார். அவருடைய இந்தப் பழக்கத்தினால் டவுன் டயர்க் கடைக்காரர்கள் அவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் பலீலின் சொந்தக்காரக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டிலிருந்து வந்த சாமானை மாப்பிள்ளை புரட்டிப் பார்க்கக் கூடாது. பள்ளேபொலையில் ஒருவர் கல்யாணத்தன்று அலுமாரிக் கதவைத் தட்டிப் பார்த்தார் என்பதற்காக, பேரப்பிள்ளை கண்ட பிறகும் அவர் பெயர் அலுமாரி மாப்பிள்ளைதான். பலீலின் கை டயர் வரைக்கும் போனது உண்மை. வாசலில் கைறுன்னிஸா நின்றிருந்தாள். கையை எடுத்துக்கொண்டு, பிஸ்மில்லா சொல்லி நாலையும் அப்படியே பூட்டினார்.

ஒரு மாதம் டவுனையும் பக்கத்து ஊர்களையும் சுற்றி ஓடியதில் ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் வின்சன்டிடமிருந்து ஆள் வந்தது. அவருடைய மனைவி மதலேனா மாத்தளைக்கு இறங்கி ரயில் எடுக்க வேண்டும், கார் வேண்டும் என்று கேட்டிருந்தார். பலீல் சந்தோஷமாகத்தான் ஏறினார். ஏற்றத்தில் கார் மெதுவாகப் போனதால் டயர் தாக்குப் பிடித்தது. புருஷனும் மனைவியும் ஏறிக்கொள்ள, பனி கலைகிற நேரம் இறங்கத் தொடங்கினார்கள்.

மூன்றாவது வளைவில் இடது முன் சில்லு வெடித்தது. ஸ்டியரிங் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் இழுத்தது. பலீல் முழு உடம்பையும் போட்டு மலைப் பக்கம் திருப்பினார். கார் மண் சுவரில் முட்டி, பாதி சரிந்து நின்றது. பள்ளம் பின் சில்லுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. மதலேனாவின் கை முறிந்துவிட்டது. வின்சன்ட் தன் குடையை மனைவியின் கையோடு சேர்த்து வைத்து, சாரியின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினார். தேயிலைக் கொழுந்து லொறி ஒன்று வந்து அவர்களை ஏற்றிக்கொண்டது. போகும்போது வின்சன்ட் பலீலின் தோளைத் தொட்டு, உங்களால்தான் பிழைத்தோம் என்றார். அந்த வார்த்தை பலீலுக்கு அடி விழுந்தது போல இருந்தது.

தனியாக நின்று வெடித்த டயரைப் பார்த்தார். அது ரீபில்ட்டே இல்லை. மொட்டையாகிப் போன பழைய டயரில் சூடான கத்தியால் புதுக் கோடு வெட்டி, மேலே கறுப்பு பூசியிருந்தார்கள். சில இடங்களில் வெட்டு உள்ளே இருந்த நூல் வரைக்கும் போயிருந்தது. மற்ற மூன்றையும் நகத்தால் சுரண்டினார். மூன்றும் அதே ஜாதி.

மறுநாள் பஸ் பிடித்து யட்டவத்தைக்குப் போனார். நடந்ததை அவர் சொன்னதும், பதுர்தீன் முதலில் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்றார். மறுக்கவில்லை, அதுதான் ஆச்சரியம்.

"நல்ல ரீபில்ட் இப்ப எங்க கெடைக்கிது மச்சான்? ஒங்க காரு நிக்கிதேன்னுதான் வெட்டிக் குடுத்தேன். டவுனுக்குள்ள ஓட அது போதும். மலைக்குத்தான் ஆகாது. அத நான் சொல்லித்தானே விட்டேன்."

"யாருகிட்ட சொன்னீங்க?"

"தங்கச்சிகிட்ட."

செய்ததும் செய்துவிட்டு, பழியைக் கூடப் பிறந்தவள் தலையில் கட்டுகிறானே, இவனும் ஒரு மனுஷனா என்று பலீல் கொதித்தார். ஏமாற்றியதைக் கூட மன்னித்துவிடலாம், இதை மன்னிக்க முடியாது என்று தோன்றியது. அப்படியே திரும்பி நடந்தார். பஸ்ஸில் வழி முழுக்க மனசு கைறுன்னிஸாவுக்காகத்தான் எரிந்தது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது, கேட்டால் தாங்குவாளா என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தார். இனி அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை, அவளையும் மிதிக்க விடுவதில்லை என்று தீர்மானித்தார்.

கைறுன்னிஸா குசினியில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். பலீல் வாசற்படியிலேயே உட்கார்ந்து, நானா சொன்னதைச் சொன்னார். உன் மேல் இப்படி ஒரு பொய்யைப் போடுகிறான் பார் என்றார். அவள் தலை நிமிரவில்லை. ஒரு கிழங்கை உரித்து முடித்துத் தண்ணீரில் போட்டாள்.

"பொய்யில்ல. சொன்னாரு."

பலீலுக்கு முதலில் விளங்கவில்லை. என்ன சொன்னார் என்று கேட்டார்.

"மலைக்கு ஓட வேணாமுன்னு சொன்னாரு. புள்ளைகள ஏத்த வேணாமுன்னும் சொன்னாரு. ஒங்ககிட்ட சொன்னா நீங்க நாலையும் கழட்டிக்கிட்டுப் போய் நானா வாசல்ல வீசிடுவீங்க. அப்புறம் எனக்குப் போக வர ஒரு வீடு இருக்குமா?"

அப்போதுதான் போன வாரம் பள்ளேபொலைக் கல்யாணத்துக்குப் போனது ஞாபகம் வந்தது. வீட்டில் கார் இருக்க, சின்னவளுக்குப் பெற்றோல் நாற்றம் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி, கைறுன்னிஸா பிள்ளைகள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனாள். சமையல் சட்டிகளை ஏற்றிக்கொண்டு பலீல் தனியாகக் காரில் போனார். புறப்படும்போது கதவருகே வந்து, மெதுவாகப் போங்கள் என்றாள். பெண்சாதிக்குத் தன் மேல் எவ்வளவு அக்கறை என்று அவர் வழி முழுக்கப் பூரித்துப்போயிருந்தார்.

மச்சான் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அது சுலபமான கோபம். திட்டலாம், உறவை முறிக்கலாம், பள்ளிவாசலில் பார்த்தும் பார்க்காதது போல நடக்கலாம். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப நான்?"

கைறுன்னிஸா அடுத்த கிழங்கை எடுத்தாள். கத்தி அதில் இறங்காமல் நின்றது.

"நீங்க நல்லா ஓட்டுவீங்கதானேன்னு நெனச்சேன்" என்றாள்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் கார் ஓட்டுவதை அவள் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.