பன்றி ஏறிய தபசு மரம்

எங்கள் மாலை வகுப்பு ஆசிரியர் ஒரு விதி வைத்திருக்கிறார். கண்டதை முதலில் எழுது, கேட்டதைப் பிறகு எழுது, நினைத்ததை எழுதாமல் விடு. பகலெல்லாம் தறியில் உட்கார்ந்துவிட்டு மாலையில் எழுத்துப் படிக்க வரும் எனக்கு இந்த விதி வசதியாகத்தான் இருந்தது. ஆனால் ஓரிக்கைப் பக்கத்து அம்மன் திருவிழாவில் நான் எதைக் கண்டேன் என்பதே இப்போது எனக்குச் சந்தேகமாகிவிட்டது. நான் ஒருவன் கண்டது ஒன்று. ஊரே கண்டது வேறு.

பாலாற்றங்கரைத் திரௌபதியம்மன் கோயிலில் வைகாசியில் பாரதக் கூத்து நடக்கும். கூத்து வாத்தியார் தர்மனின் குழுவில் நான் தாளம் போடுகிறவன். கூத்தில் அர்ச்சுனன் தபசுதான் பெரிய நாள். பனைமரத்தை வெட்டி நட்டு, ஏறுவதற்கு முளையடித்து, உச்சியில் கைலாசம் என்று ஒரு பலகை கட்டுவார்கள். அர்ச்சுனன் முளைக்கு ஒரு பாட்டாகப் பாடி ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் எறிவான். பிள்ளையில்லாத பெண்கள் கீழே முந்தானை விரித்து நிற்பார்கள்.

எனக்குத் தெரிந்த நாள் முதல் அர்ச்சுனன் பழனிதான். மற்ற நாளில் ஏர் ஓட்டுகிறவன். கிரீடம் வைத்தால் ஏர் மறந்துவிடும். அந்த ஒரு நாளுக்காகவே மிச்ச நாளைத் தள்ளுகிறவன் என்று அவன் மனைவி அங்கம்மாள் சொல்வாள்.

போன வருஷம் தபசு மரத்தைத் தன் தோப்பிலிருந்து கொடுத்தவர் ஊர்ப் பெரியதனம் காசிநாதன். கொடுத்த கையோடு அவருக்கு ஒரு ஞானமும் உதித்தது.

"மரம் என்னுது. அதுல கண்டவன் ஏறிக்கினு இருப்பான், நான் கீழ நின்னு கும்பிடணுமா? நானே ஏறுறேன்பா."

இந்தத் தர்க்கத்தைக் கேட்டு ஊர் கிரீடத்தை அவரிடம் கொடுத்துவிட்டது. கோயிலுக்கு எண்ணெய் கொடுத்தவர் திரியாக எரிய வேண்டும் என்று கேட்கவில்லையே என எனக்குத் தோன்றியது. நினைத்ததை எழுதக் கூடாது, அடித்துவிடுகிறேன்.

"அப்ப எனுக்கு இன்னா வேஷம் வாத்யாரே?" என்று பழனி கேட்டான்.

தர்மன் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பன்னி ஒண்ணு இருக்குது."

தவத்தைக் கெடுக்க வரும் பன்றி. இரண்டு உறுமல், ஓர் ஓட்டம், அம்பு பட்டால் சாவு. பாட்டு கிடையாது. பழனி கரி பூசிய சாக்கைப் போர்த்தி, கோரைப்பல்லுக்குக் கொம்பு வைத்த கட்டை முகத்தைக் கட்டிக்கொண்டு பந்தலோரம் குந்தினான்.

நல்ல வெயிலில் காசிநாதன் ஏறினார். ஏறும்வரை குறையில்லை. பலகையில் நின்று, ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு கீழே பார்த்தார். அதோடு இன்னொரு கையும் மரத்துக்குப் போய்விட்டது. எலுமிச்சம்பழம் மடியிலேயே இருந்தது. தெரிந்த விருத்தத்தைப் பாடி முடித்தார். மறுபடி பாடினார். மூன்றாம் தடவை அதே ராகத்தில் புதிதாக ஓர் அடி வந்தது.

"ஏணி கொண்டாடா தர்மா... என் காலு நடுங்குதேடா..."

"கோவிந்தா!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"இன்னா பக்திபா! கண்ணுல தண்ணி பாரு!" என்றார் என் பக்கத்தில் நின்றவர்.

தண்ணீரைத்தான் நானும் பார்த்தேன். அவ்வளவு உயரத்துக்கு ஊரில் ஏணி இல்லை. தர்மன் பன்றியிடம் போய்க் குனிந்தார். முந்திக்கொண்டு பதில் சொன்னவள் அங்கம்மாள்.

"யோவ், நீ போவாத. அவுரு மரம், அவுரு ஏறினாரு, அவுரே எறங்கட்டும். பூமியும் அவுருதுதான, உழுந்தா வாணாம்னா சொல்லும்?"

பழனி மரத்து உச்சியை அண்ணாந்து பார்த்தான். பிறகு கட்டை முகத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அவுரு உழுந்தா இந்த ஊர்ல தபசே நிறுத்திடுவாங்க. அப்பறம் நான் எதுல ஏறுறது?"

பூசை போட்டுக் கட்டிய வேஷத்தை நடுவில் கழற்றக் கூடாது. ஆகவே பன்றியாகவே ஏறினான். தவம் செய்கிறவனைத் தேடிப் பன்றி மரமேறியது பாரதம் தோன்றியது முதல் அன்றைக்குத்தான். கூட்டம் கன்னத்தில் போட மறந்து அண்ணாந்தது. நான் தாளத்தை நிறுத்துவதா போடுவதா என்று தெரியாமல் போட்டுக்கொண்டே இருந்தேன்.

உச்சியில் பன்றி பெரியதனத்தின் இடுப்பைப் பிடித்தது. கீழே விரிந்த முந்தானைகளைப் பார்த்தது. அவர் மடியில் கைவிட்டுப் பழங்களை எடுத்து, ஒவ்வொன்றாக எறிந்தது. லோகாம்பாள் என்ற பெண்ணின் முந்தானையில் ஒன்று விழுந்தது. பிறகு பன்றி, "கண்ண மூடிக்க சாமி, காலை மட்டும் கொடு" என்று அர்ச்சுனனின் பாதத்தைப் பிடித்து முளை முளையாக வைத்து இறக்கியது.

இனி அர்ச்சுனன் வேஷம் தனக்குத்தான் என்று பழனி நம்பினான். நானும் நம்பினேன்.

மாசியில் லோகாம்பாளுக்குப் பிள்ளை பிறந்தது. மரம் கொடுத்த புண்ணியவான் பெயராக இருக்கட்டும் என்று காசிநாதன் எனப் பெயர் வைத்தார்கள். எங்கள் ஆசிரியர், பன்றி மரமேறுவதன் தத்துவத்தை ஒரு மாலை முழுதும் விளக்கினார். ஆணவம் உயர ஏறித்தான் பக்தனைத் தொடுமாம். அந்த இடத்தில் இருந்தது பயம்தான் ஐயா என்று சொல்ல எழுந்தேன். எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வருஷக் கூத்துக்கு ஊர் கூடியது. பெரியதனம் எழுந்தார். "நான் பாத்தாச்சு அந்தக் கைலாசத்த. இனிமே என் மச்சான் ஏறுவான்."

"பன்னி வேஷத்த வேற யாருக்கானா கொடுங்க" என்றான் பழனி.

"இன்னாபா பேசுற? பிள்ள கொடுத்த பன்னிபா அது! கொம்பு கட்டிக்கினு மரமேற உன்ன உட்டா ஊர்ல யாரு?" என்றார் ஒருவர். பரம்பரை வழக்கத்தை மாற்றலாமா என்று இன்னொருவர் கேட்டார். பரம்பரைக்கு அப்போது வயது ஒன்று.

பழனி தலை குனிந்து நின்றான். வழக்கத்தைக் காப்பாற்றப்போய் வழக்கத்திலேயே மாட்டிக்கொண்டவன் அவன் ஒருவன்தான். கடைசியில் கேட்டான்.

"சரி, ஏறுறேன். ஆனா பாடிக்கினே ஏறுவேன். அர்ச்சுனன் பாட்டு அத்தனையும்."

"பன்னி எங்கனா பாடுமா?" என்று பெரியதனம் சிரித்தார்.

தர்மன் அன்றைக்குத்தான் முதல்முறையாக அவருக்கு எதிராக வாய் திறந்தார். "மரமே ஏறுதுங்க. பாடினா இன்னா?"

நேற்று தபசு நடந்தது. மச்சான் உச்சியில் கிரீடத்தோடு மரத்தைக் கட்டிக்கொண்டு, வாயே திறக்காமல், வழக்கப்படி நடுங்கினார். கீழே பன்றி முதல் முளையில் காலை வைத்து விருத்தத்தை எடுத்தது. கட்டை முகத்துக்குள்ளிருந்து வந்தாலும் குரல் பழைய குரல்தான். அங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டம் உச்சியைப் பார்த்துக் கும்பிட்டது.

நான் பன்றிக்குத் தாளம் போட்டேன். இது கண்டது.