முதல் ஆமென்

உயிரோட இருந்தப்போ கூட்டிட்டு வந்திருக்கலாம். செத்துக் கிடந்தப்போவாவது எனக்கு ஆள் அனுப்பியிருக்கலாம். ரெண்டையும் விட்டுட்டு, புள்ளையப் புதைச்ச பிறகு கடை வாசல்ல வந்து நிக்கிறான் ஈனாக் சக்டன். அதுவும் வாயத் திறந்ததும் கேட்டது, "ஐயா இல்லையா?" ஐயா செத்துப் பல வருஷம் ஆச்சு. இந்தக் கடையில படம் புடிக்கிறது அவர் பொண்டாட்டி இந்த டேமர்தான்னு ஹாலிஃபாக்ஸ் ஊர் முழுக்கத் தெரியும். ஆனாலும் வர்றவன் எல்லாம் எனக்குப் பின்னாடி ஒரு ஆம்பளையத் தேடுவான்.

ஈனாக் கம்பளி ஆலையில மேஸ்திரி. ஞாயித்துக்கிழமை சபையில முதல் வரிசை. படம் புடிக்கிறது வீண் பெருமைன்னு நினைக்கிற ஆளு. லெட்டிஸ், செலினான்னு ரெட்டைப் பொண்ணுங்க பொறந்தப்போ அவன் பொண்டாட்டி ஹன்னா ஒரு படத்துக்குக் கெஞ்சினா. மாட்டேன்னுட்டான். போன வாரம் செங்காய்ச்சல்ல லெட்டிஸ் போயிட்டா. அப்பவும் ஹன்னா கெஞ்சினா. தேவன் எடுத்துக்கிட்டதைக் கண்ணாடியில படமாப் புடிச்சு வைக்கக் கூடாதுன்னு பிரசங்கம் பண்ணிட்டு, சுருக்கா அடக்கம் பண்ணிட்டான்.

எங்க ஊர்ல உயிரோட இருக்கிறப்போ படத்துக்கு வழியில்லாதவங்ககூட செத்த புள்ளைக்கு ஒரு படம் எடுத்து வச்சுக்குவாங்க. நல்ல சட்டை போட்டு, கையில ஒரு பூவக் குடுத்து, சோபாவுல படுக்க வைப்பாங்க. அப்படி நான் எடுத்த புள்ளைங்களுக்குக் கணக்கே இல்ல. மனசு கஷ்டப்படும், ஆனா வேலை சுலபம். செத்தது அசையாது.

இப்போ ஹன்னா சாப்பிடுறதில்லையாம். மிச்சமிருக்கிற செலினா பக்கம் திரும்பக்கூட மாட்டேங்குறாளாம். இவ முகத்தைப் பார்த்தா அவ முகம் மறந்து போகுதுன்னு சொல்றாளாம். அதுக்கு இந்த மகாபுத்திசாலி ஒரு வழி கண்டுபுடிச்சிருக்கான். லெட்டிஸோட சட்டையை செலினாவுக்குப் போட்டு, கண்ணை மூடிப் படுக்க வச்சு, அதைப் படம் எடுக்கணுமாம். ரெண்டும் ஒரே அச்சுதானே, யாருக்குத் தெரியும்ங்கிறான். பெத்தவளுக்குத் தெரியாதாய்யான்னு கத்தினேன். ஆனாலும் ஹன்னாவுக்காகப் போனேன், இவனுக்காக இல்ல.

வீட்டுல சாவு வழக்கப்படி திரையெல்லாம் மூடியிருந்துச்சு, கடிகாரம் நிறுத்தியிருந்துச்சு, நிலைக்கண்ணாடி மேல கறுப்புத் துணி. திரையைத் திறந்தா வெளியில ஒரே மூடுபனி. பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி ஒரு வெளிச்சம். கரி வைக்கிற அறையை இருட்டறை ஆக்கிக்கிட்டேன். கண்ணாடித் தகட்டுல மருந்து ஊத்தி, அது காயறதுக்குள்ள படம் எடுத்து, காயறதுக்குள்ள கழுவணும். கொண்டுபோனது மூணே தகடு. ஹன்னா அடுப்பு ஓரமா கறுப்புடையில உட்கார்ந்திருந்தா. எங்களைத் திரும்பியே பார்க்கல.

முதல் தகட்டுல, லெட்டிஸ் சட்டையில சோபாவுல படுத்திருந்த புள்ள பாதியில எழுந்து உட்கார்ந்துடுச்சு. ரெண்டாவதுல கண்ணைத் திறந்து திறந்து பார்த்துச்சு. ரெண்டும் பாழ். எனக்கு வந்த ஆத்திரத்துல, "என்னடி உனக்கு? சும்மா படுக்கத் தெரியாதா?"ன்னு அதட்டிட்டேன். அது உதட்டைக் கடிச்சுக்கிட்டு மெதுவா கேட்டுச்சு.

"கண்ணை மூடினா என்னையும் பெட்டியில வச்சுடுவீங்களா?"

என் ஆத்திரம் அப்படியே ஈனாக் மேல திரும்புச்சு. அப்பவே எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டுக் கிளம்பியிருக்கணும். ஆனா அந்த அடுப்பு ஓரத்துல உட்கார்ந்திருக்கிறவளுக்கு வேற என்ன குடுக்கிறது? "இல்லடி கண்ணு. ஜெபத்துக்குக் கண்ணை மூடுவல்ல, அப்படித்தான் இது. நான் சொல்றேன், நீ கேட்டுக்கிட்டே படு"ன்னேன். பொய்யில்ல. என் வீட்டுக்காரர் கர்த்தருடைய ஜெபம் சொல்லித்தான் தகட்டுல வெளிச்சம் விழற நேரத்தைக் கணக்கு பண்ணுவார், நானும் அப்படித்தான். நல்ல வெயில்னா ஒரு ஜெபம்கூட வேண்டாம். இந்த மூடுபனிக்கு ரெண்டு.

கேமராக் கண்ணோட மூடியை எடுத்துட்டுச் சொல்ல ஆரம்பிச்சேன். புள்ள கண்ணை மூடிக்கிச்சு. மூச்சு விடுதான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அப்படியொரு அசையாத படுக்கை. அப்பாடா, இந்தத் தடவை தேறிடும்னு நினைச்சுக்கிட்டே ஆமென் சொல்லி, மூச்சு விடாம ரெண்டாவதை ஆரம்பிச்சேன்.

கண்ணைத் திறந்துடுச்சு! ஆமென் சொன்ன பிறகு எந்த வீட்டுப் புள்ள கண்ணை மூடிக்கிட்டு இருக்கும்? என் புத்தி எங்க போச்சு? தலையை அம்மா பக்கம் திருப்பி, அப்படியே பார்த்துக்கிட்டுக் கிடந்துச்சு. இப்போ மூடியைப் போட்டா உள்ளதும் போச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு ரெண்டாவது ஜெபத்தையும் சொல்லி முடிச்சேன்.

கழுவிப் பார்த்தா ஒரு உடம்பு, ரெண்டு முகம். ஒண்ணு கண்ணை மூடி மேல பார்த்தபடி, இன்னொண்ணு கண்ணைத் திறந்து பக்கத்துல பார்த்தபடி. ரெண்டும் புகை மாதிரி. கடைசித் தகடும் போச்சு. ஈனாக்கிட்ட, இது ஆகாது, சுரண்டிட்டா கண்ணாடியாவது மிஞ்சும்னு சொல்லிக் கத்தியைத் தேடினேன்.

"குடுங்க"ன்னா ஹன்னா.

ஈரம் சொட்டச் சொட்ட வாங்கி மடியில வச்சா. இந்த மாதிரிப் படம் கறுப்பு மேல வச்சாத்தான் தெரியும். அவ கறுப்பு உடை மேல ரெண்டு முகமும் எழும்பி வந்துச்சு. ஈனாக் ஏதோ சமாதானம் சொல்ல வந்தான். சும்மா இருங்கன்னுட்டா. போயும் போயும் இதையா மாட்டப் போறீங்க, என் கடைப் பேரை மட்டும் சொல்லாதீங்கன்னு சொல்ல நானும் வாயெடுத்தேன். அவ முகத்தைப் பார்த்துட்டு மூடிக்கிட்டேன்.

செலினா சோபாவுல இருந்து இறங்கி, கொஞ்சம் தள்ளியே வந்து நின்னுச்சு.

"இதுல நான் எங்கம்மா?"

ஹன்னா மூடின கண்ணு மேல விரலை வச்சா. "இது லெட்டிஸ்." விரல் அடுத்த முகத்துக்கு நகர்ந்துச்சு. "என்னையே பார்த்துக்கிட்டு இருக்கே, இது நீ."

அப்புறம் தகட்டை ஓரமா வச்சுட்டு, புள்ளையைத் திருப்பி நிறுத்தி, முதுகுப் பக்கப் பொத்தானை ஒவ்வொண்ணா கழட்ட ஆரம்பிச்சா.

"இது அவ சட்டை. போய் உன்னோடதைப் போட்டுக்கிட்டு வா, சாப்பிடலாம்."