பிப்ரவரியில் ஒரு கிராஜுவேஷன்

கொரியாவில் அரசுப் பள்ளியில் இரண்டு வருடமாக இங்கிலீஷ் டீச்சராக இருக்கும் வெண்பா, தாய்மாமன் மகன் முகிலனின் கல்யாணத்துக்கு வர முடியாது என்று போனில் சொன்னபோது, அவள் அம்மா சண்முகப்ரியாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"அந்த வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல கிராஜுவேஷன்மா. ஐ ஹாவ் டு பி தேர்."

போனை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போன சண்முகப்ரியா, பாதியில் குழாயை மூடினாள். கல்யாணம் பிப்ரவரியில். பிப்ரவரியில் எந்த ஊரில் கிராஜுவேஷன் நடக்கும்? இவர்கள் குடியிருக்கும் இந்த அமெரிக்க ஊர் வெஸ்ட் வின்ட்சரில் வெண்பாவுக்கு நடந்தது ஜூன் மாதம். அங்கிக்குள் வேர்த்து வழிந்துகொண்டு நின்றாள்.

"பொய் சொல்றவ நம்புற மாதிரி ஒண்ணைச் சொல்ல மாட்டாளா?" என்றார் கணவர் திருமூர்த்தி.

"அவளுக்குப் பொய் சொல்ல வராதுங்க. அதனாலதான் மாட்டிக்கறா."

அன்று முதல் ஒவ்வொரு வீடியோ காலும் விசாரணையாகிவிட்டது. பின்னால் ஏன் எப்போதும் அதே வெள்ளைச் சுவர்? காண்ட்ராக்ட்டை ரெனியூ பண்ணியாயிற்றா என்று கேட்டால் ஏன் தண்ணீர் குடிக்கிறாள்? வேலை போய்விட்டதோ? வேலை போய், சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாளோ?

சண்முகப்ரியா வேலை பார்த்த மருந்துக் கடையில் யூன்ஹீ என்று ஒரு கொரியப் பெண் இருந்தாள். மதியச் சாப்பாட்டின்போது அவளிடம் பள்ளியின் பெயரைக் காட்டி விசாரித்தாள். யூன்ஹீ சிரித்தாள். தங்கள் ஊரில் படிப்பு வருடம் மார்ச்சில் தொடங்கும் என்றும், அதனால் பிப்ரவரியில் கிராஜுவேஷன் நடப்பது வழக்கம்தான் என்றும் சொன்னாள். சண்முகப்ரியாவுக்கு மூச்சு வந்தது. ஆனால் யூன்ஹீ அதோடு விடவில்லை. போனில் அந்த மிடில் ஸ்கூலின் பக்கத்தைத் தேடி எடுத்துப் படித்துவிட்டு, நெற்றியைச் சுருக்கினாள்.

"இந்த ஸ்கூலில் ஜனவரி ஏழாம் தேதியே முடிந்துவிட்டதே."

படமும் இருந்தது. பூச்செண்டுகளோடு பிள்ளைகள், இரண்டு வரிசையாக ஆசிரியர்கள். சண்முகப்ரியா விரலால் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வெண்பா இல்லை.

சாயங்காலம் வீடு வந்ததும் கூப்பிட்டாள். அங்கே காலை.

"ஜனவரி ஏழாம் தேதி எங்க கண்ணு இருந்தே?"

மகள் தண்ணீர் குடித்தாள்.

"ஸ்கூல்லதான்."

"போட்டோல நீ இல்லையே? அதான் முடிஞ்சுபோச்சே, அப்புறம் என்ன பிப்ரவரில இன்னொரு கிராஜுவேஷன்? வேலை போயிடுச்சா? மறைக்காம சொல்லு."

"நோ! எனக்கு ரெண்டு ஸ்கூல்மா. வாரத்துல ஒரு நாள் மலைப்பக்கம் ஒரு எலிமெண்டரிக்குப் போவேன்ல? பிப்ரவரில அதோட கிராஜுவேஷன்." வெண்பாவின் குரல் தாழ்ந்தது. "மிடில் ஸ்கூல்ல அன்னைக்குன்னு யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லை. மெசேஜ் எல்லாம் கொரியன்ல வரும். என்னை யாரோ மறந்துட்டாங்க. டெஸ்க்ல உக்காந்திருந்தேன். ஹால்ல கிளாப் பண்ற சத்தம் கேட்டுச்சு. போய்ப் பார்த்தா எல்லாரும் பூவோட கார்ல ஏறிட்டிருந்தாங்க. ரெண்டு வருஷம் டீச் பண்ணின பசங்கம்மா. ஒரு பை-பை கூடச் சொல்லலை."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா அந்த ஊரே வேண்டாம், காண்ட்ராக்ட் ரெனியூ பண்ணாதே, கிளம்பி வான்னு சொல்வே."

அது உண்மைதான். சண்முகப்ரியாவின் நாக்கு நுனியில் அந்த வார்த்தைகள்தான் இருந்தன.

"மலை ஸ்கூல்ல அஞ்சே பேர்தான் கிராஜுவேட் பண்றாங்க. கட்டாயம் வருவேன்னு அவங்ககிட்ட ப்ராமிஸ் பண்ணியிருக்கேன். லைவ் லிங்க் அனுப்பறேன். நீயே பாரு."

பார்க்கிறேன் என்றாள். நம்பிவிட்டேன் என்று சொல்லவில்லை.

கல்யாண வீடு டெக்சாஸில், ஃப்ரிஸ்கோவில். வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு எல்லாப் பெண்களும் மருதாணி வைத்துக்கொண்டு கையை விரித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கொரியாவில் அப்போது வெள்ளிக்கிழமை காலை பத்து. சண்முகப்ரியாவின் இரண்டு கையிலும் ஈர மருதாணி. முகிலனின் அம்மா நாகரத்தினம்தான் போனை எடுத்து அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"வேலைன்னு சொன்னாளே, இதுக்கா வரலை? அஞ்சு குழந்தைங்களுக்கா?"

"இருங்க அண்ணி."

மேடையில் பிரின்சிபல் ஒவ்வொரு குழந்தையாகக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தார். சண்முகப்ரியாவின் கண் மேடையில் இல்லை. ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளை எண்ணினாள். ஆறு நாற்காலி, ஆறு பேர். அதில் வெண்பா இல்லை. இதுவும் கதைதானா?

"அதோ, கதவுகிட்ட," என்றாள் நாகரத்தினம்.

கறுப்புக் கோட்டோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள் வெண்பா. இங்கேயும் அவளுக்கு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை.

குழந்தைகள் கீழே இறங்கி ஆசிரியர்கள் முன்னால் வரிசையாகக் குனிந்து வணங்கினார்கள். மறுபடி மேடை ஏறும்போது, கடைசியாக வந்த கண்ணாடி போட்ட சிறுமி நின்றாள். திரும்பிப் பார்த்தாள். வரிசையை விட்டுக் கதவை நோக்கி ஓடினாள். பிரின்சிபல் மைக்கோடு காத்திருந்தார். சிறுமி வெண்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொன்னாள், நீளமாக. வெண்பா தலையை ஆட்டிக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"என்ன சொல்லுச்சாம் அந்தப் புள்ள?" என்றாள் நாகரத்தினம். போனைத் தன் முகத்துக்குக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

சண்முகப்ரியாவுக்கும் அது தெரிந்தாக வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து வெண்பா கூப்பிட்டபோது அதைத்தான் முதலில் கேட்டாள்.

"அது எனக்கும் அவளுக்கும்மா," என்றாள் வெண்பா.

இன்னும் இரண்டு கேள்வி வாய்வரை வந்தது. மருதாணி காய்ந்த விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"சரி கண்ணு. சாப்பிட்டியா?" என்றாள்.