நான்கும் முப்பத்தைந்து

சக்கரத்தைப் பெரிதாக்கினால் கூடவே மரியாதையும் பெரிதாகிவிடும் என்று நம்புகிறவர்கள் வாரத்துக்கு நாலு பேராவது என் டயர் கடைக்கு வருவார்கள். நான் வாதாடுவதில்லை. பதினாறு அங்குல ரிம்மைக் கழற்றிப் பதினெட்டு மாட்டினால் டயரின் பக்கச்சுவர் குட்டையாகிவிடும், பள்ளத்தில் விட்டால் அடி நேராக ரிம்முக்குத்தான், பார்த்து ஓட்டுங்கள் என்று ஒரே ஒரு தடவை சொல்வேன். தலையாட்டுவார்கள். ஊதுகிற சங்கை ஊதியாயிற்று, விடிகிறபோது விடியட்டும் என்று அடுத்த வண்டிக்குப் போய்விடுவேன்.

அந்த வாரம் ஐந்தாவதாக வந்தவர் என் மாப்பிள்ளை, தங்கையின் கணவர். ரிம் நான்கையும் தானே எங்கோ பார்த்து வாங்கி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் போர்வையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அவருக்கு மகள் பிறந்தபோது அவளைக்கூட இவ்வளவு பத்திரமாக அவர் தூக்கி நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அந்த வண்டியை அவர் ஓட்டுவதே அபூர்வம். அவர் வேலைக்குப் போவது அலுவலகப் பேருந்தில். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, அங்கிருந்து ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போவது வரை தினமும் ஓட்டுகிறவள் என் தங்கை. இவர் ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவுவார், கழுவிவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்ப்பார், அவ்வளவுதான்.

ரிம் மாட்டுவது பெரிய விஷயமில்லை. சென்சார்தான் தகராறு. பழைய ரிம்களுக்குள் வால்வோடு சேர்ந்து ஆளுக்கொரு சென்சார் உட்கார்ந்திருக்கும். டயருக்குள் காற்று எவ்வளவு என்று அதுதான் டேஷ்போர்டுக்குச் சொல்லும். புது ரிம்மின் வால்வுத் துளைக்கு அந்தப் பழைய சென்சார் பொருந்தவில்லை. பொருந்துகிற ஜாதியை வரவழைக்க மூன்று வாரம் ஆகும் என்றேன். அதுவரை டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், கிளப்பும்போதெல்லாம் கத்தும், பழகிக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. வண்டியில் அழகைத் தவிர வேறு எதுவும் மாறாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாராம்.

"மச்சான், அந்த லைட் மட்டும் எரியக் கூடாது. எரிஞ்சுதுன்னா என் கதை முடிஞ்சுது."

முடியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தங்கையைக் கொடுத்த இடத்தில் முகத்தை முறித்துக்கொள்ளக் கூடாது என்பது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. எனக்கு ஒரு வித்தை தெரியும், அதைச் செய்துகாட்ட ஆசையாக இருந்தது. முழங்கை நீளத்துக்குத் தண்ணீர்க் குழாய் ஒன்றை வெட்டினேன். பழைய சென்சார் நான்கையும் உள்ளே போட்டேன். இரண்டு முனையையும் மூடிப் பசை போட்டு ஒட்டி, ஒரு முனையில் வால்வு வைத்து, முப்பத்தைந்து காற்று அடித்தேன். குழாயைப் பழைய துண்டில் சுற்றி டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் படுக்க வைத்தேன். சில வண்டிகளில் சென்சார் சுற்றினால்தான் வாய் திறக்கும், இந்த வண்டியில் படுத்துக்கொண்டே பேசியது. கிளப்பிப் பார்த்தோம். டேஷ்போர்டில் நான்கு சக்கரமும் முப்பத்தைந்து, முப்பத்தைந்து, முப்பத்தைந்து, முப்பத்தைந்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மூன்று வாரத்துக்குத்தான் என்று பேச்சு. சொன்னபடி மூன்றாவது வாரம் சென்சார் வந்து, பிரிக்காத பெட்டியாக என் அலமாரியில் ஏறியது. இந்த ஞாயிறு கொண்டுவருகிறேன் என்றார். அப்புறம் அடுத்த ஞாயிறு என்றார். எனக்கும் கடையில் தலைக்கு மேல் வேலை. இரண்டு மாதம் போய்விட்டது.

நடுவில் ஒருநாள் மத்தியானம் தங்கை கடைக்கு வந்தாள். அவள் வேலையே எண்ணைப் பார்ப்பதுதான். யாருக்கு எது ஏறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்று காலை ஏழு மணியிலிருந்து அதையே பார்க்கிறவள். கிளம்பும்போதும் முப்பத்தைந்து, ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தும்போதும் முப்பத்தைந்து காட்டுகிறதே என்று கேட்டாள். பழைய டயர் ஓடிச் சூடானால் மூன்று நான்கு ஏறுமாம், அதை அவள் கவனித்து வைத்திருக்கிறாள். எங்கள் கூடத்தில் ஒரு மெஷின் எல்லாருக்கும் ஒரே அளவு காட்டினால் நாங்கள் அதை அணைத்துவிடுவோம் என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பெட்டி அலமாரியில்தான் இருந்தது, ஒரு மணி நேர வேலை. ஆனால் மாப்பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு, நான் செய்த கோமாளித்தனத்தை நானே விளக்க வேண்டிய அவஸ்தை, எதிரே காத்திருந்த லாரிக்காரர், எல்லாம் சேர்ந்து வாயில் வேறொன்றைக் கொண்டுவந்தன. பத்தொன்பது வருஷத் தொழில்காரனின் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"நல்ல டயர்ல காத்து ஏறாதும்மா. தரம் அப்படி."

சரிண்ணா என்று போய்விட்டாள். வேறு யார் கொடுத்த முடிவையும் இரண்டாவது தடவை போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவள். நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்தாள். மகளை அடுத்த ஊர்க் கண் மருத்துவரிடம் காட்டப் போய்க்கொண்டிருக்கிறாள். இன்னும் ஐந்து நிமிஷத்தில் நெடுஞ்சாலையில் ஏறப்போகிறாள். முந்தைய நாள் சாயங்காலம் வேலையிடத்து வாசலில் ஒரு பள்ளத்தில் இடதுபக்கச் சக்கரம் டமாரென்று இறங்கியதாம், அதிலிருந்து ஸ்டீயரிங் இடதுபக்கமாகவே இழுக்கிறதாம். காற்றெல்லாம் சரி, நான்கும் முப்பத்தைந்து. அப்படியென்றால் அலைன்மென்ட்தான் போயிருக்கும், இல்லையா, போய்விட்டு வந்து சாயங்காலம் விடட்டுமா என்று கேட்டாள்.

கேள்வியும் அவளே, பதிலும் அவளே. நான் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாயங்காலம் வண்டி வரும், குழாயைச் சத்தமில்லாமல் எடுத்து எறிந்துவிடலாம், மாப்பிள்ளை மானமும் பிழைக்கும், என் மானமும் பிழைக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், 'அலைன்மென்ட்' என்று என் வாய் பாதி சொல்லியும் விட்டது. அப்போது பின்சீட்டிலிருந்து மருமகளின் குரல் கேட்டது.

"மாமா, இப்ப நாங்க ரொம்ப வேகமாப் போகப்போறோம்."

நான் அவ்வளவு பயந்தது கிடையாது.

"வண்டிய ஓரங்கட்டு. இப்பவே."

"முப்பத்தஞ்சு காட்டுதேண்ணா."

"அது டயரோட நம்பர் இல்லம்மா. டிக்கியில ஒரு பைப் இருக்கு. அதோட நம்பர்."

இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடிப்பது மட்டும் போனில் கேட்டது. நிறுத்திவிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கருவிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். தங்கையும் மருமகளும் சாலையோரத் தடுப்புக்கு அந்தப்பக்கம் நின்றிருந்தார்கள். வண்டியைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. குட்டைச் சுவர் டயரில் அதுதான் வினை, காற்று இறங்கினாலும் முகத்தில் காட்டாது. முன்பக்க இடது டயரில் காற்று அளக்கும் கேஜை வைத்தேன். பதினொன்று. உள்பக்கம் ரிம்மின் விளிம்பு நசுங்கி, அதன் வழியாக ராத்திரி முழுக்கக் கசிந்திருக்கிறது. இதோடு நெடுஞ்சாலையில் ஏறி வேகமெடுத்திருந்தால் எத்தனை கிலோமீட்டர் தாங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டிக்கியைத் திறந்து குழாயை எடுத்து அவளிடம் கொடுத்தேன். ரத்த மாதிரிக் குப்பியைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே நான்கும் கடகடவென்று உருண்டன. மருமகள் தனக்கு வேண்டும் என்று கேட்டாள்.

"ரெண்டு மாசமா நான் பாத்துட்டு இருந்தது இதையா?"

"ஆமா."

"நல்ல டயர்ல காத்து ஏறாதுன்னு சொன்னியே?"

"அதுவும் பொய்தான்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அதை நான் லேப்ல எல்லார்கிட்டயும் சொன்னேண்ணா. எங்க அண்ணன் சொன்னான்னு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கீழே உட்கார்ந்து ஜாக்கியைச் சுற்றினேன்.

மத்தியானத்துக்குள் கடையில் வைத்துக் குழாயை அறுத்து, சென்சார்களைப் பழைய ரிம்களில் பொருத்தி, பழைய சக்கரங்களையே மாட்டிக் கொடுத்தேன். பதினெட்டு அங்குலம் நான்கும், நசுங்கியது உட்பட, திரும்பவும் போர்வைக்குள் போயின. மாப்பிள்ளையிடம் அவள் போனில் சொன்னது 'சாயங்காலம் பேசலாம்' என்ற இரண்டே வார்த்தைதானாம். அவர் உடனே என்னைக் கூப்பிட்டு, மச்சான், கோபமாக இருந்தாளா என்று கேட்டார். இல்லை, அமைதியாக இருந்தாள் என்றேன். ஐயோ என்றார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டோம் மாப்பிள்ளை, இனிமேல் குடைகிறதே என்று அலறி என்ன பயன் என்றேன்.

அவள் என்னோடு பேசாமல் இருந்துவிடவில்லை. வழக்கம்போலப் போன் செய்வாள், மகளுக்குக் கண்ணாடி போட்டாயிற்று, நீல நிறந்தான் வேண்டுமென்று அழுது வாங்கிக்கொண்டாள் என்றெல்லாம் சொல்வாள். ஒரு மாதம் கழித்துக் காற்று பார்க்க வண்டியைக் கொண்டுவந்தாள். முன்பெல்லாம் கீழே இறங்கமாட்டாள், சீட்டில் உட்கார்ந்தபடியே கை காட்டிவிட்டுப் போய்விடுவாள். அன்றைக்கும் நான் நான்கு டயரும் பார்த்து, அடித்து, மூடியைத் திருகி முடித்தேன். அவள் இறங்கினாள். கைப்பையிலிருந்து சொந்தமாக ஒரு கேஜை எடுத்தாள், விலை ஒட்டிய காகிதம்கூட இன்னும் அதில் இருந்தது. கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்பத்தானம்மா நானே பாத்து வச்சேன்," என்றேன்.

"தெரியும்ணா," என்றாள். குரலில் கோபமே இல்லை. புடவையை ஒதுக்கிக்கொண்டு முதல் டயர் அருகே குந்தினாள்.

வாடிக்கையாளர் ஒருவர் என்னைப் பார்த்தார். நான் அவளுக்கு முன்னால் போய், மற்ற மூன்று டயர்களின் மூடிகளையும் கழற்றி வைத்தேன்.