சிரிக்கக் கூடாத நாற்பது நிமிடம்

“கழுதைப்புலிக்குக் காது கழுவிவிட்ட மனுஷன் இந்த உலகத்துல ஒருத்தன்தான். அவன் இதோ உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கான். அதுவும் எந்தக் கழுதைப்புலி? கடிக்கிற கழுதைப்புலி. எங்க வெச்சுக் கழுவினேன்? என் பொண்டாட்டி மடியில வெச்சு.”

மேக்கப்மேன் இப்படிச் சொல்லிவிட்டு, ஏதோ பல் துலக்கியதைச் சொன்னவர் போல டம்ளரைக் கையில் எடுத்தார். புது மருமகன் வாயில் இருந்த டீயைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவித்தார். கல்யாணமாகி இருபது நாள்தான் ஆகிறது. மாமனாரின் அளவு இன்னும் பிடிபடவில்லை.

டிவியில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குடும்பம், அவர்கள் வீட்டில் செல்லமாக வளரும் ஒரு கழுதைப்புலி. பெயர் குட்டிம்மா. குட்டிம்மா அப்பாவின் செருப்பைத் தின்பாள், பிடிக்காத விருந்தாளியை மாடிப்படியில் உருட்டிவிடுவாள், யாராவது அசட்டு ஜோக் அடித்தால் மனிதர் போலவே சிரிப்பாள். குழந்தை குட்டிகளோடு பார்க்கிற படம். அதில் சோபா வரும் காட்சிகள் எல்லாம் இதே ஹாலில் எடுத்தவை. சோபாவும் இதேதான், உறை மட்டும் மாறியிருக்கிறது. மருமகன் தான் உட்கார்ந்திருந்த இடத்தை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

“அத்தான் கதை விடுறார், மாப்ள. அப்படி ஒண்ணும் நடக்கல.”

ஜன்னலோரம் இருந்து சொன்னது மச்சான், மேக்கப்மேனின் மனைவிக்குத் தம்பி. லிஃப்ட் பரிசோதிக்கும் உத்தியோகம். கயிறு தாங்குமா, பிரேக் பிடிக்குமா என்று தன் கையாலேயே இழுத்துப் பார்க்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடமாட்டார். காலையில் கண்ணாடியில் தெரியும் முகத்திடமே அடையாள அட்டை கேட்கிற ஆள் என்பது மேக்கப்மேனின் கணிப்பு. பன்னிரண்டு வருஷமாக இந்தக் கதைக்கு அவருடைய பதில் ஒன்றேதான்: அப்படி ஒண்ணும் நடக்கல.

இத்தனைக்கும் அன்றைக்கு அவரும் இந்த ஹாலில்தான் இருந்தார். பீரோ மேல்.

படத்தில் குட்டிம்மா ஒருத்தி. அந்த வேலைக்கு வந்த கழுதைப்புலிகளோ மூன்று. உட்காருகிறவள், ஓடுகிறவள், கடிக்கிறவள் என்று அவற்றைப் பழக்கிய பயிற்சியாளர் பெயர் வைத்திருந்தார். உட்காருகிறவள் பசு மாதிரி. சொன்ன இடத்தில் உட்கார்ந்து கை கொடுப்பாள். ஓடுகிறவளுக்குத் தன் நிழலைக் கண்டாலே ஆகாது. கடிக்கிறவள் கோபக் காட்சிக்கென்று வந்தவள். பல்லைக் காட்டினால் போதும் என்று டைரக்டர் நினைத்தார். அவள் அப்படி நினைக்கவில்லை. முதல் நாள் அவள் தும்மியதைப் பார்த்து லைட்மேன் ஒருவர் சிரித்துவிட்டார். அடுத்த நொடி, அவர் உட்கார்ந்திருந்த தேக்கு ஸ்டூல் இரண்டு துண்டு. அரை நொடி முன்னால் எழுந்ததால் லைட்மேன் ஒரே துண்டாக வீட்டுக்குப் போனார். மனிதச் சிரிப்பு அவள் காதுக்கு இன்னொரு கழுதைப்புலியின் சவாலாம். அன்றிலிருந்து, அவள் இருக்கும் இடத்தில் யாரும் சிரிக்கக் கூடாது என்று சட்டம். சிரிப்புப் படம் எடுக்க வந்த எண்பது பேரும் இழவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார்கள்.

மூன்று பேரையும் ஒருத்தியாக்குவது மேக்கப்மேனின் பொறுப்பு. ஆக்கினார். புள்ளிக்குப் புள்ளி எண்ணிச் சாயம் வைத்தார். கடிக்கிறவளின் இடது காதில் விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு இருந்தது, பழைய சண்டையில் போனது. அதற்கு ரப்பரில் ஒரு துண்டு வார்த்து, ஒட்டி, அதில் ஒவ்வொரு மயிராக நட்டார். அடையாளத்துக்கென்று பயிற்சியாளர் கால்களில் கட்டியிருந்த கலர் நூல்களையும் சோபாக் காட்சி எடுத்த அன்று காலை கத்தரித்து எறிந்தார். “கேமராவுல தெரியும்பா” என்றார். பெற்ற தாயே வந்தாலும் குழம்பிப்போவாள் என்று தன் தோளைத் தானே தட்டிக்கொள்ளாத குறை.

மூன்று மணிக்கு அந்தப் பெருமை வந்து அவர் கழுத்தைப் பிடித்தது.

ஜெனரேட்டர் புகைந்து நின்றுபோனதால் யூனிட் முழுவதும் சாப்பிடக் கிளம்பிவிட்டது. சோபா ஷாட் பாதியில் நின்றதால், பயிற்சியாளர் உட்காருகிறவளைச் சோபாவிலேயே விட்டுவிட்டு, மற்ற இருவரையும் லாரியில் ஏற்றித் தண்ணீர் காட்டப் போயிருந்தார். வீட்டில் மூன்று மனிதர்கள். மேக்கப்மேனின் மனைவி சோபாவில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு உட்காருகிறவள் மேல் உயிர். மச்சான் காலையிலேயே பீரோ மேல் ஏறியவர், இறங்கவில்லை. பழகின பிராணிதானே என்று கேட்டதற்கு, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார்.

போன் வந்தது. பயிற்சியாளரின் குரல் எப்போதும் ஹால் முழுக்கக் கேட்கும்.

“அண்ணே, உட்காருறவ எங்க இருக்கா?”

“சோபாவுல. எங்க வீட்டம்மா மடியில தூங்குறா.”

மறுமுனையில் அந்தக் குரல் பாதியாக இறங்கி வந்தது.

“இங்க ஒருத்தி நான் சொல்லாமலே உட்கார்ந்து கை குடுக்கிறாண்ணே.”

“அப்போ?”

“அப்போ இவதான் உட்காருறவ.”

மேக்கப்மேன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சமையலறைக்குள் போனார். “இன்னொருத்தி யாரு?”

“போர்வைக்குள்ள சுருண்டு தூங்குறா. எழுப்பிப் பார்க்க எனக்கு தைரியம் இல்ல. நூலு இருந்திருந்தா பார்த்துடலாம்.” நூலைப் பற்றி இருவருமே மேற்கொண்டு பேசவில்லை. “வர நாற்பது நிமிஷம் ஆகும். அங்க இருக்கிறது ஓடுறவன்னா கவலை இல்ல. அக்கா எழுந்தா அவளே கட்டிலுக்கு அடியில ஓடி ஒளிஞ்சுக்குவா. கடிக்கிறவன்னா, அக்கா அசையக் கூடாது. யாரும் சிரிக்கக் கூடாது.”

அப்போதுதான் மேக்கப்மேனுக்கு மச்சானின் ஞாபகம் வந்தது. மச்சானுக்கு ஒரு வியாதி உண்டு. பயம் வந்தால் சிரிப்பு வந்துவிடும். இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் மாட்டி, அறுபது அடி உயரத்தில் ஒற்றைக் கயிற்றில் ஆடியபோது ஒரு மணி நேரம் விடாமல் சிரித்தவர். தாலி கட்டும்போது சிரித்தார். அப்பாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போகும்போது, பின்னால் நின்று சிரித்தவரை நான்கு பேர் வாயைப் பொத்தித் தூக்கிப்போனார்கள்.

ஹாலுக்குத் திரும்பி வந்தவர் முதலில் பீரோ மேல்தான் பார்த்தார். பீரோ சமையலறைக் கதவை ஒட்டி நின்றதால் மச்சானுக்கு எல்லாம் கேட்டிருந்தது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. உதட்டின் ஓரம் மட்டும் மெல்ல மேலே ஏறத் தொடங்கியிருந்தது.

“ஏங்க, கால் மரத்துப்போச்சு. கொஞ்சம் எழுந்துக்கிறேன்” என்றார் மனைவி.

“வேண்டாம். ஷாட் பாக்கி இருக்கு. நீ எழுந்தா இவ இடம் மாறிடுவா, கன்டினியூட்டி போயிடும்.”

“நான்தான் படத்துலயே இல்லையே.”

“இருந்தாலும் இரு.”

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். சும்மா இருக்கச் சொன்னால் காரணம் கேட்டே எழுந்துவிடுகிற ஜாதி. ஐந்து நிமிஷம் தாங்கினால் பெரிது. அதற்குள் தெரிந்தாக வேண்டும்: மடியில் கிடப்பது ஓடுகிறவளா, மற்றவளா. உலகத்தில் அதைச் சொல்லக்கூடிய இடம் அந்த இடது காது ஒன்றுதான். அந்தக் காதை யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி மறைத்தவரும் அவரேதான். குனிந்து பார்த்தார். ஒட்டிய இடம் தெரியவில்லை. வாழ்நாளில் முதல்முறையாகத் தன் வேலை இன்னும் கொஞ்சம் மோசமாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார்.

வாசற்படியோரம் இருந்த மேக்கப் பெட்டியை எடுக்கப் போனார். துண்டை நனைத்தார். பசை கரைக்கும் எண்ணெயில் நான்கு சொட்டு விட்டார். வாசற்படியிலிருந்து சோபாவுக்குப் பதினோரு அடி. அன்றைக்கு அது பதினோரு மைலாக நீண்டது என்று அவர் சொல்வது வழக்கம். அதில் ஒரு மைலைக்கூடக் குறைக்க முடியாது. மின்விசிறி நின்ற அறையில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. ஈயச் சட்டியைத் தரையில் இழுப்பது போன்ற மூச்சு. அழுகிய எலும்பின் வாடை. மனைவியின் இடது கை அந்த முகவாய்க்கு அடியில் இருந்தது, தலையணைபோல.

அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார். தினமும் டச்சப் செய்யும்போது முணுமுணுப்பதைப் போலவே முணுமுணுத்தார். “குட்டிம்மா, காதைக் குடு. நல்ல பொண்ணு. ஒரே ஒரு துடைப்பு.”

துடைத்தார். சாயம் துண்டில் பழுப்பாக இறங்கியது. இன்னொருமுறை துடைத்தார். ஓரத்தில் நூல் பிரிவதுபோல ஒரு கோடு தெரிந்தது. ரப்பர் துண்டு மெல்ல உரிந்து வந்து, அவர் உள்ளங்கையில் விழுந்தது.

காதில் அந்த வெட்டு.

மனைவியும் பார்த்தார். அந்த வெட்டை ஒட்டிய பெருமையை மூன்று வாரமாக, வேளைக்கு ஒரு தடவையாகக் கேட்டவர் அவர். ஒன்றும் கேட்கவில்லை. கத்தவில்லை. முகவாய்க்கு அடியில் இருந்த கை மட்டும் கல்லாக உறைந்தது; தலையைத் தடவிய வலது கை நிற்கவில்லை. கண்கள் ஒரு நொடி மேலே, பீரோவை நோக்கிப் போய்த் திரும்பின.

அங்கிருந்துதான் அது வந்தது. முதலில் விக்கல் மாதிரி ஒன்று. பிறகு, “ஹி.”

குட்டிம்மாவின் கண் திறந்தது.

தலை உயர்ந்தது. கழுத்து மயிர் விறைத்து நின்றது. மேலுதடு திரையைப் போல விலக, பற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒவ்வொன்றும் கதவுத் தாழ்ப்பாள் அளவு. அவற்றுக்கும் மனைவியின் மணிக்கட்டுக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. மேக்கப்மேனுக்கு ஓடத் தோன்றவில்லை. கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். அது தானாகவே பெட்டிக்குள் போய்ப் பஞ்சை எடுத்தது, பவுடரில் தோய்த்தது.

“மேலே பாரு, குட்டிம்மா. டச்சப்.”

மூக்கில் ஒற்றினார். நெற்றியில் ஒற்றினார். ஷாட்டுக்கு முன்னால் தினமும் நாற்பது தடவை நடப்பது. பஞ்சு பட்டால் அசையாமல் நிற்க வேண்டும் என்று பழகின உடம்பு அது. பற்கள் அப்படியே நின்றன. கண்கள் அவரையே பார்த்தன. பவுடர் புகையாய் எழுந்தது. அவள் மூக்கு சுருங்கியது, இன்னும் சுருங்கியது.

தும்மினாள்.

இப்படி ஒரு தும்மலுக்குச் சிரித்துத்தான் ஸ்டூல் உடைந்தது. மேக்கப்மேன் மேலே பார்க்கவில்லை. காதை மட்டும் பீரோவின் பக்கம் வைத்துக் காத்திருந்தார். சிரிப்பு வரவில்லை. சதையை அழுத்திக் கடிப்பது போன்ற ஓசை மட்டும் கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு அங்குலமாக, அந்தத் தலை மறுபடி மடியில் இறங்கியது.

அதற்குப் பிறகு முப்பத்தொரு நிமிஷம். யாரும் எச்சில்கூட விழுங்கவில்லை. பயிற்சியாளர் வந்து, இறைச்சித் துண்டைக் காட்டி அவளைக் கூண்டுக்குக் கூட்டிப்போன பிறகுதான் மனைவி பேசினார்.

“யாருங்க சிரிச்சது?”

மேக்கப்மேன் நிமிர்ந்து பார்த்தார். பீரோவின் விளிம்பில் தொங்கிய கையில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. மச்சானின் முகத்தைப் பார்த்த பிறகு, நாக்கு தானாகவே புரண்டது.

“குட்டிம்மாதான். அதுங்களுக்கு அதுதானே குரல்.”

மச்சான் இறங்கி வந்து, டப்பா மூடி கிழித்துவிட்டது என்று கையில் கட்டுப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அவர் பேச்சில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது என்று ஒத்துக்கொண்டால் அந்தச் சிரிப்பையும் சேர்த்து ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது மேக்கப்மேனுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு தடவை கதை சொல்லும்போதும் குட்டிம்மாவின் சிரிப்பை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டே வந்தார். இப்போது அது ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கும் அளவுக்கு வந்திருந்தது.

டிவியில் சோபாக் காட்சி வந்தது. குட்டிம்மா வாயைத் திறந்து ஹாவென்று சிரித்தாள்.

“இதே சிரிப்புதான் மாப்ள” என்றார் மேக்கப்மேன். “தெருக்கோடியில நின்ன பஸ் தானா நகர்ந்துச்சு.”

மருமகன் மாமியார் பக்கம் திரும்பினார். “நெஜமாவா அத்தை? உங்களுக்குப் பயமா இல்லையா?”

“இல்லாம? உயிரே போச்சு.” அவர் சோபாவின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே சொன்னார். “பல்லைப் பார்த்துகூட இல்ல. மேல இவன் ஒருத்தன் இருந்தானே. பயத்துல தவறிக் கீழ விழுந்துட்டா, அது என்னை விட்டுட்டு அவனைப் பிடிச்சுக்குமேன்னுதான். அதுக்குத்தான் அது தலையைத் தடவிக்கிட்டே இருந்தேன்.”

ஜன்னலோரத்திலிருந்து மச்சான் எழுந்து வந்து டிவியின் ஒலியைக் குறைத்தார். முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, சுருட்டி, மணிக்கட்டை அக்காவின் முன்னால் நீட்டினார். பல் வரிசை இன்னும் பிறைபோலத் தெரிந்தது. மனிதப் பல்.

“டப்பா மூடி இல்லக்கா” என்றார். “அத்தான் சொன்னது எல்லாம் நடந்துச்சு. காதைக் கழுவினது, பவுடர் போட்டது, எல்லாம். குட்டிம்மா மட்டும் சிரிக்கல. சிரிச்சது நான்.”