நிறைந்திருந்த ஒரு கிளாஸ்

செக்காலை ரோட்டில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது குடோன் உரிமையாளர்கள் சங்கம். லாரிக்காரர்களோடு வாடகைச் சண்டையா, மூட்டை தூக்குகிறவர்களின் கூலித் தகராறா, அதிகாரிகளுக்கு மனுவா, எல்லாம் இங்கேதான் தீர வேண்டும். ஆனால் கை தூக்கி ஓட்டுப் போடுகிற பழக்கம் மட்டும் கிடையாது. ஒரு தடவை போட்டுப் பார்த்தார்கள். தூக்கிய கைகள் பக்கத்து ஆளின் சட்டைக் காலரில்தான் போய் இறங்கின. அதிலிருந்து டீதான். தலைவர் தீர்மானத்தை வாசிப்பார், டீ வரும். குடித்தவர் சம்மதம். ஒரு கிளாஸ் குடிக்காமல் நின்றாலும் தீர்மானம் நின்றுபோகும். கிளாஸ்களை எடுத்துக்கொண்டு "எல்லாம் காலிய்யா" என்று முத்தழகு சொன்ன பிறகுதான் தலைவர் நாகநாதன் பேனாவைத் திறப்பார்.

முத்தழகு அங்கே கூட்டிப் பெருக்கி டீ போடுகிறவள். புருஷன் சின்னக்கருப்பின் கருமாதி முடிந்த மறுநாளே வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் உட்கார்ந்தாலும் ஒன்றுதான், இங்கே நின்றாலும் ஒன்றுதான். அவன் செத்த அன்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரிகள் காதுபடவே பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும். மரத்துப்போன கையைக் கிள்ளினால் தெரியாதே, அந்த மாதிரி இருந்தாள் அவள்.

"இன்னைக்குப் போயி நீ எதுக்குத் தாயி வந்த?" என்றார் நாகநாதன்.

"கூட்டம் இருக்குல்லய்யா."

கூட்டமே அவள் புருஷன் செத்ததைப் பற்றித்தான்.

சின்னக்கருப்பு, தேனப்பனின் மிளகாய் குடோனில் மூட்டை தூக்கியவன். வண்டு சாக, விஷக்காற்று கக்கும் மாத்திரை வைத்து மூடிய குடோன் அது. திறந்துபோட்டு, அந்த விஷக்காற்று நன்றாக வெளியேறிய பிறகுதான் ஆள் உள்ளே போக வேண்டும். அவன் திறந்த கையோடு போனான். பிறகு தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

சமையல் அறைக்குக் கதவு இல்லை, ஒரு திரைச்சீலைதான். நாகநாதன் குரலைத் தாழ்த்திப் பேசினார். அவர் தாழ்த்தினால் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும்.

"குடிச்சிட்டு, யாரும் சொல்லாம, தானாத் தொறந்து உள்ள போயிட்டான். சங்கத்துப் பேர்ல அதிகாரிகளுக்கு இப்படித்தான் எழுதிக் குடுக்கணும். ஒருத்தர் குடோனுக்குப் பூட்டுப் போட்டா நாளைக்கு எல்லாத்துக்கும் போடுவாக. இதுக்குத்தானே சங்கம்?"

"அந்தப் பொம்பளைக்கு?" என்றது ஒரு குரல்.

"நஷ்டஈடு வராது. நாமளா ஏதாச்சும் பாத்துச் செய்வோம்."

அடுப்பில் பால் பொங்கி வந்தது. முத்தழகு தீயைக் குறைத்தாள். குடிக்காத மனுஷன் இல்லை அவள் புருஷன். சம்பள நாளில் குடிப்பான், பாடுவான், அவளிடம் திட்டு வாங்குவான். அன்றைக்குக் குடிக்கவில்லை. பழைய சோற்றில் கை வைத்தபோது போன் வந்தது. வாசலுக்குப் போய்ப் பேசினான். பாதிச் சோற்றோடு கிளம்பிவிட்டான். இதை விசாரிக்க வந்தவர்களிடமும் சொன்னாள். "போன் வந்தது சரி, என்ன பேசுனாகன்னு நீ கேட்டியா?" என்றார்கள். கேட்கவில்லைதான்.

இனி அவன் ஊருக்கெல்லாம் குடிகாரன். அவளுக்கும் மகளுக்கும் நாளையிலிருந்து ஒன்றும் இல்லை. இந்த டீ உள்ளே போனால் அவ்வளவுதான். வயிறு எரிய வேண்டாமா? எரியவில்லை. கை பாட்டுக்கு டீத்தூளைப் போட்டது, வடிகட்டியது, தட்டை எடுத்துக்கொண்டு போனது.

திரும்பி வந்த பிறகுதான் பார்த்தாள், சர்க்கரை டப்பாவைத் திறக்கவே இல்லை. ஐயோ! ஒரு சிட்டிகை குறைந்தாலே செயலாளர் சத்தியமூர்த்தி ஊரைக் கூட்டுவார். இப்போது திட்டு வரும் என்று நின்றாள். வரவில்லை. கஷாயம் குடிக்கிற மாதிரி மடமடவென்று குடித்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அவள் போய் ஒவ்வொரு கிளாஸாக எடுத்தாள். கடைசி நாற்காலியில் தேனப்பன். இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்தார். டீயில் ஆடை படிந்திருந்தது.

"குடிங்கண்ணே, ஒங்களுக்காகத்தானே இம்புட்டும்" என்றார் சத்தியமூர்த்தி.

தேனப்பன் உதடு வரைக்கும் கொண்டுபோனார். இறக்கிவிட்டார். "எறங்க மாட்டேங்குதுப்பா."

"ஒன் குடோனுக்குப் பூட்டு விழுகும், தேனப்பா" என்றார் நாகநாதன்.

"விழுகட்டும்ணே."

அப்புறம்தான் அவர் முத்தழகை நிமிர்ந்து பார்த்தார். "லாரி நிக்குதுன்னு நாந்தான் போன் போட்டேன். கொஞ்சம் காத்தாட விட்டுட்டுப் போறேன் மொதலாளின்னு சொன்னான். ஒண்ணும் ஆகாது, போடான்னேன்."

எத்தனையோ வருஷத்துப் பழக்கம், நாகநாதனின் வாய் தானாகக் கேட்டுவிட்டது: "எல்லாம் காலியா தாயி?"

கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

முத்தழகு தேனப்பனின் கையிலிருந்து கிளாஸை வாங்கினாள். "இல்லய்யா" என்றாள். "ஒண்ணு நெறைய இருக்கு."

நாகநாதன் பேனாவைத் திறக்காமலே சட்டைப் பையில் சொருகினார்.

உள்ளே போய் அந்த டீயைக் கொட்டப் போனாள். கை வரவில்லை. காத்தாட விட்டுட்டுப் போறேன் என்று சொல்லியிருக்கிறான், பாவி மனுஷன். சொல்லிவிட்டும் போயிருக்கிறான்.

"சொன்னவன் நிக்க வேண்டியதுதானேய்யா" என்றாள். முதலில் மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து, கீழே மருந்துக்கடையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்க்கிற அளவுக்கு அழுதாள். திரைக்கு அந்தப் பக்கம் ஒருவரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.